வேனில் ஏறும் பிள்ளைகளும் கணக்கு வாத்தியார் வாங்கிய பீரியடும்

புதுக்கோட்டையில் நின்றுகொண்டு குழந்தைகளின் உடற்பருமனைப் பற்றிப் பேசினால் கேட்பவர் சிரிக்கத்தான் செய்வார். வானம் பார்த்த பூமி இது. கண்மாய் நிறைந்தால் சோறு, இல்லாவிட்டால் செங்கல் சூளை அல்லது திருப்பூர் பஸ் என்று காலம் தள்ளிய ஊர்கள். இந்த மாவட்டத்தின் பெயரை வெளியுலகுக்குக் கொண்டுபோன கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், சூளைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. அரைவயிற்றுச் சாப்பாட்டில் வளர்ந்துதான் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். (அந்தப் பதக்கத்தைப் பிடுங்கிய அநியாயம் தனிக்கதை.) பசியை இவ்வளவு அருகில் பார்த்த ஊரில் பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் வீட்டுக்குப் பெருமை. நோஞ்சான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் தாயின் பயம். "தின்கிற வயசு, தின்னட்டும் விடு" என்று தட்டில் இன்னொரு கரண்டி வைக்கிற அப்பத்தாவைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அவர் பார்த்த பஞ்சம் அப்படி.

புள்ளிவிவரமும் முதல் பார்வைக்கு அப்பத்தா பக்கமே நிற்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25% பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். உயரத்துக்கேற்ற எடை இல்லாதவர்கள் 14.6%. எடை மிஞ்சியவர்கள் 4.3% மட்டுமே, அதுவும் முந்தைய சுற்றில் 5% இருந்து குறைந்திருக்கிறது. இத்தோடு நிறுத்திக்கொண்டால் கட்டுரையையும் நிறுத்திவிடலாம்.

அதே அறிக்கையின் இன்னொரு பக்கம் விடமாட்டேன் என்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4% பேர் மிகை எடையோ பருமனோ உள்ளவர்கள். முந்தைய சுற்றில் இது 30.9%. ஆண்களில் 28.2 இருந்தது 37 ஆகியிருக்கிறது. அங்கன்வாடியில் நூற்றுக்கு நாலு பேர், கல்யாண மண்டபத்தில் நூற்றுக்கு நாற்பது பேர். இன்றைய குழந்தையும் இன்றைய பெரியவரும் வேறு வேறு தலைமுறை என்பதால் ஒன்றையொன்று நேராகக் கழித்துப் பார்க்கக் கூடாதுதான். ஆனாலும் இத்தனை பெரிய இடைவெளி ஒரே இரவில் உண்டாவதில்லை. இடையில் இருப்பது பள்ளிக்கூடப் பருவம். வேடிக்கை என்னவென்றால் அந்த ஆய்வு ஐந்து வயதில் பிள்ளையைத் தராசிலிருந்து இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றுவது பதினைந்தில்தான். 2016–18இல் பத்தொன்பது வயதுவரை எல்லா வயதுப் பிள்ளைகளையும் அளந்த விரிவான ஊட்டச்சத்து ஆய்வு ஒன்று நடந்தது. மற்றபடி அந்தப் பத்து வருடத்தில் என்ன நடக்கிறது என்று நாம் தொடர்ந்து பார்ப்பதே இல்லை.

உலகக் கணக்கு வேறு திசையில் ஓடிவிட்டது. 2025 செப்டம்பரில் வந்த யுனிசெஃப் அறிக்கைப்படி, 5 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் பருமனானவர்கள் 9.4%, எடை குறைந்தவர்கள் 9.2%. வரலாற்றில் முதல்முறையாகப் பருமன் முந்தியிருக்கிறது. 2000இல் அது 3% அளவில் இருந்தது.

பள்ளிப் பிள்ளைகளைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது 2014இல் வெளியான சென்னை ஆய்வு. 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள கிட்டத்தட்ட 19,000 பிள்ளைகளை அளந்தார்கள். சர்வதேச அளவுகோலின்படி தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4% பேருக்கு மிகை எடையோ பருமனோ இருந்தது. அரசுப் பள்ளியில் 3.6%. ஆறு மடங்கு வித்தியாசம். அதே பிள்ளைகளை இந்தியர்களுக்கென்று வகுத்த அளவுகோலில் வைத்தால் 26.4, 4.6 என்று இரண்டும் ஏறுகின்றன. எந்த அளவுகோலில் அளந்தார்கள் என்று சொல்லாமல் "நாலில் ஒரு பிள்ளை பருமன்" என்று போடுகிற செய்தியை நம்ப வேண்டாம் என்பதற்கு இதுவே போதும். அளவுகோல் எதுவானாலும் இரண்டு பள்ளிக்கும் நடுவிலுள்ள தூரம் மட்டும் மாறவில்லை.

சென்னை வேறு, புதுக்கோட்டை வேறு. ஆய்வும் பத்து வருடத்துக்கு மேல் பழையது. சரி. ஆனால் அந்தத் தூரத்தை உண்டாக்கியது சென்னையின் காற்றோ தண்ணீரோ அல்ல, ஒருவகைப் பள்ளிக்கூட வாழ்க்கை. அது இன்று ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் இருக்கிறது. காலை ஏழே காலுக்கு மஞ்சள் வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கிறது. நேராகப் போனால் இரண்டு கிலோமீட்டரில் இருக்கிற பள்ளிக்கு, வேன் நாலு ஊர் சுற்றி முக்கால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு நேரமில்லாத பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு ஏறுகிறான். நாள் முழுக்க பெஞ்சு. சாயங்காலம் அதே வேன். வீட்டுக்கு வந்து ஒரு தம்ளர் ஹார்லிக்ஸோ பூஸ்ட்டோ. ஆறு மணிக்கு டியூஷன். எட்டரைக்குக் கையில் போன். இந்தப் பிள்ளை எந்த நிமிடத்தில் ஓடுவான்?

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் பிள்ளைகளின் உடம்பு தராசை ஏமாற்றக்கூடியது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் குழு கர்ப்பிணிகளையும் பிறந்த குழந்தைகளையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கண்டது இது: இந்தியக் குழந்தை எடை குறைவாகப் பிறக்கிறது, ஆனால் வெள்ளைக்காரக் குழந்தையோடு ஒப்பிட்டால் அந்தச் சின்ன உடம்பில் தசை கம்மி, கொழுப்பின் பங்கு அதிகம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. பசியில் தொடங்கிய உடம்புக்குப் பின்னால் பாக்கெட் தீனியும் உட்கார்ந்த வாழ்க்கையும் வந்து சேரும்போது சர்க்கரை நோய் சீக்கிரம் பிடிக்கிறது. ஆகவே "எங்க ஊர்ல எல்லாம் ஒல்லிப் பசங்கதான்" என்பதில் ஆறுதலடைய ஒன்றுமில்லை. குட்டைப் பிள்ளையும் குண்டுப் பிள்ளையும் இரண்டு வேறு பிரச்சினைகள் என்று நினைப்பதும் தவறு. பல நேரம் ஒரே பிள்ளைதான், பத்து வருட இடைவெளியில்.

இப்போது மருந்துக்கு வருவோம். சத்தான உணவு, சுறுசுறுப்பான விளையாட்டு: பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும், கண்காட்சியில் சார்ட் பேப்பரில் ஒட்டியிருக்கும், ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர் சொல்லிவிட்டுப் போவார். யாரும் மறுக்க முடியாத வாக்கியம். மறுக்க முடியாத வாக்கியத்தைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பாதியும் ஒரே எடையா?

இல்லை. உலகெங்கும் நடந்த சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2024இல் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளைப் பற்றி 172 ஆய்வுகளை, ஏறத்தாழ 1.9 லட்சம் பிள்ளைகளின் விவரங்களோடு அலசியது. உணவை மட்டும் குறிவைத்த திட்டங்கள் எடையில் ஏறக்குறைய ஒன்றும் செய்யவில்லை. உடலசைவைக் கூட்டிய திட்டங்களும், இரண்டையும் சேர்த்துச் செய்தவையும் கொஞ்சம் பலன் தந்தன. கொஞ்சம்தான். இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் 54 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் ஒரு பகுதியில் சமையல் வகுப்பு, தினசரி உடற்பயிற்சி, கால்பந்துக் கழகத்தோடு சேர்ந்த நிகழ்ச்சி என்று ஒரு வருடம் நடத்திப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு: பிள்ளைகளின் எடையில் வித்தியாசமே இல்லை. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை, நமக்கு அப்படியே பொருந்தாது என்று ஒருவர் வாதிடலாம். வாதம் நியாயமானது. ஆனால் அங்கே இவ்வளவு செலவு செய்தும் அறிவுரை வேலை செய்யவில்லை என்றால் இங்கே ஒரு சார்ட் பேப்பர் வேலை செய்யும் என்று நம்புவதற்கு என்ன காரணம்?

உணவு அறிவுரை ஏன் தோற்கிறது என்பதற்கு ஆய்வைத் தேடிப் போக வேண்டாம். நாலு மணிக்குப் பள்ளி வாசலுக்குப் போனால் போதும். பெட்டிக்கடையின் முன்கம்பியில் சரம் சரமாகப் பாக்கெட் தொங்குகிறது, பிள்ளையின் கண் உயரத்துக்குச் சரியாக. ஐந்து ரூபாய், பத்து ரூபாய். சில்லறை பாக்கி இல்லாத விலை. ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கொழுப்பு, உப்பு, சர்க்கரைக் கணக்கெல்லாம் எறும்பு ஊர்ந்த எழுத்தில் இருக்கும், அதுவும் நூறு கிராமுக்கு. பிள்ளை கையில் இருப்பது இருபது கிராமோ என்னவோ. வகுத்துப் பார்த்து வாங்கு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் சொல்கிறோம். பக்கத்தில் பத்து ரூபாய்க் கலர் பாட்டில். இனிப்புக் குளிர்பானங்கள் பலவற்றில் 100 மி.லி.க்குப் பத்து கிராமுக்கு மேல் சர்க்கரை உண்டு. சின்ன பாட்டில் ஒன்றிலேயே இருபது கிராம் தாண்டிவிடும். நாளுக்கு ஏறத்தாழ 1,700 கலோரி தேவைப்படுகிற எட்டு வயதுப் பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல எல்லை அந்த ஆற்றலில் 5%, அதாவது 21 கிராம் சர்க்கரை. ஒரு பாட்டிலோடு அன்றைய கணக்கு முடிந்தது. அதே பத்து ரூபாய்க்கு ஒரு முட்டை வாங்கலாம், பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை வாங்கலாம். ஆனால் முட்டையும் கடலையும் சரமாகத் தொங்குவதில்லை; அவற்றுக்காகக் கிரிக்கெட் வீரர் யாரும் டி.வி.யில் வந்து சிரிப்பதும் இல்லை.

சட்டம் இருக்கிறது. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி செய்தது. விதி நல்லது. யார் தலையில் விழுகிறது என்பதுதான் கேள்வி. வாசலில் கடை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர், சில இடங்களில் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மா. அவரை ஐம்பத்தோராவது மீட்டருக்கு விரட்டினால் பிள்ளை இன்னும் இருபது எட்டு நடக்கும், அவ்வளவே. விராலிமலையில் பெரிய நிறுவனத்தின் உணவுத் தொழிற்சாலையே இருக்கிறது. பாக்கெட் செய்கிற இடமும் அதைத் தின்கிற இடமும் ஒரே மாவட்டம். வேலை கிடைத்த குடும்பங்கள் உண்டு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விதியின் கை ஆலை வாசலை எட்டாமல் பெட்டிக்கடையோடு நின்றுவிடுகிறது.

2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றம் இந்தக் குழப்பத்தின் உச்சம். பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது. மிக்சர் வகையறாவும் உடனடி நூடுல்ஸும் 12இலிருந்து 5க்கு. கோலா வகைக் குளிர்பானத்துக்கு மட்டும் 40%. அதுவும் புதிதல்ல, 28% வரியும் 12% செஸ்ஸுமாக முன்பே இருந்ததுதான். அதே ஆண்டில் பிரதமர் வானொலியில் பருமனை எதிர்த்துப் பேசினார், சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சர்க்கரை அளவைக் காட்டும் பலகை வைக்கச் சொன்னது. பலகையில் "குறைத்துச் சாப்பிடு", ரசீதில் "கூடுதலாக வாங்கு". சிலி நாடு 2016இல் எடுத்த வழி இதற்கு நேர்மாறு. பாக்கெட்டின் முகத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தடை, பள்ளிக்குள் விற்பனைக்குத் தடை, எல்லாம் ஒரே சட்டத்தில். இனிப்புப் பானங்களை வாங்கும் அளவு முதல் ஒன்றரை ஆண்டிலேயே கிட்டத்தட்ட 24% குறைந்தது. பிள்ளைகளின் பருமன் அதனால் இறங்கிவிட்டது என்று சொல்ல நான் துணியமாட்டேன். தாயிடம் அறிவுரை சொல்வதற்கும் பாக்கெட்காரரிடம் கண்டிப்பு காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இதில் தெளிவு.

இந்த இடத்தில் யாராவது எழுந்து, நம் பாட்டன் சாப்பாட்டுக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகும் என்பார். வரகு, கேழ்வரகு, கொள்ளு, நுங்கு, பதநீர் என்று பட்டியல் வரும். எனக்கும் அவை பிடிக்கும். கீரமங்கலம், வடகாடு பக்கத்துப் பலாவுக்கு ஈடு கிடையாது. 2018 கஜா புயலில் எத்தனையோ மரம் சாய்ந்தபோது அந்த ஊர்கள் அழுததை நாடே பார்த்தது. ஆனால் பாட்டன் ஒல்லியாக இருந்ததற்குக் காரணம் வரகு மட்டுமா? அவர் காட்டில் நாள் முழுக்க உழைத்தார், பல நாள் ஒருவேளைதான் சாப்பிட்டார். பலாவிலும் சர்க்கரை உண்டு, நிலக்கடலையிலும் எண்ணெய் உண்டு, வரகுச் சோற்றை மூன்று தட்டு தின்றால் அதுவும் எடைதான். சிறுதானிய பிஸ்கட் என்று பெயர் மாற்றி விற்கிற பாக்கெட்டில் சர்க்கரை குறைந்துவிடுவதில்லை. பழைய சாப்பாட்டைப் புகழ்கிறவர்கள் பழைய உழைப்பைச் சொல்லாமல் விடுவது பாதி உண்மை.

உணவுப் பக்கத்தில் தமிழ்நாட்டில் உண்மையாகவே வேலை செய்த ஒன்று அறிவுரையாக வரவில்லை, தட்டில் வந்தது. 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் பரவிய காலைச் சிற்றுண்டி. பசியைப் போக்க வந்த திட்டம் பருமனையும் தடுக்கிறது என்பது என் வாதம். சூடாக உப்புமாவும் சாம்பாரும் தின்றுவிட்டு வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை பத்தரை மணிக்குப் பாக்கெட்டைத் தேடுவது குறைவாகத்தான் இருக்கும். வேனில் பிஸ்கட் தின்கிற பிள்ளைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மாதம் ஆயிரக்கணக்கில் பீஸ் கட்டும் வீட்டுப் பிள்ளையைவிட, இந்த ஒரு விஷயத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளை நன்றாகப் பராமரிக்கப்படுகிறான்.

அதனால் அந்தத் தட்டை அளக்காமல் விட்டுவிட முடியாது. மதிய உணவுக்கான தேசிய விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். குறைந்தது 450 கலோரி. நூறு கிராம் அரிசியே 350 கலோரி. அதாவது முக்கால் பங்கு தானியம். நம் மாநிலம் வாரம் ஐந்து நாள் தரும் முட்டையைச் சேர்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் நிற்கும். ஐ.சி.எம்.ஆரின் ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் தானியத்திலிருந்து வரும் ஆற்றல் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. காலைச் சிற்றுண்டியிலும் ரவை, சேமியா, அரிசிதான் தலை. 50 கிராம் தானியத்துக்கு 15 கிராம் பருப்பு. பசித்த பிள்ளைக்கு இது தப்பில்லை, முதலில் வயிறு நிறைய வேண்டும். ஆனால் வயிறு நிறைந்த பிறகு அடுத்த ரூபாயை எதில் போடுவது என்ற கேள்வி வந்துவிட்டது. அரிசியில் அல்ல, சுண்டலிலும் காயிலும் போட வேண்டும். ஆலங்குடி வட்டத்தில் விளைகிற கடலை அதே வட்டத்துப் பள்ளிக்குச் சுண்டலாக வருவதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை, கொள்முதல் ஆணை ஒன்றுதான் தேவை.

விளையாட்டுக்கு வருவோம். நிரூபணம் இந்தப் பாதிக்குத்தான் கூடுதல். நாம் கைவிட்டதும் இதைத்தான். 5 முதல் 17 வயதுப் பிள்ளை தினம் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்குமளவு ஆட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நம் கால அட்டவணையில் பி.டி. பீரியட் வாரத்துக்கு ஒன்றிரண்டு. அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பத்தாம் வகுப்பென்றால் கேட்காமலே எடுத்துக்கொள்வார். இது நாட்டுக்கே தெரிந்த ரகசியம். 2023இல் சட்டமன்றத்திலேயே அன்றைய விளையாட்டுத் துறை அமைச்சர் உதயநிதி ஸ்டாலின், பி.டி. பீரியடைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அவை சிரித்தது. நிலைமை சிரிக்கிறபடிதான் இருக்கிறது. 2012இல் அரசு நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்கள் அன்றிலிருந்து இன்றுவரை பணி நிரந்தரம் கேட்டுச் சாலையில் உட்கார்ந்து எழுகிறார்கள். 2024இல் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகை விளையாட்டுச் சாமான்களைக் கொண்ட கலைஞர் ஸ்போர்ட்ஸ் கிட் வழங்கும் திட்டம் வந்தது. நல்ல காரியம். ஆனால் பந்தை அவிழ்த்துக் கொடுத்து, சாயங்காலம் நின்று பார்த்து, இருட்டினதும் எண்ணி உள்ளே வைக்க ஓர் ஆள் வேண்டும். சாமானுக்குப் பணம் ஒதுக்குவது அரசுக்குச் சுலபம், ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

அதிலும் பெண் பிள்ளைகள். ஐந்தாம் வகுப்புவரை நொண்டியும் ஓடிப்பிடித்தும் ஆடிய பிள்ளை, வயதுக்கு வந்ததும் மைதானத்தைவிட்டு வெளியேறுகிறாள். எறிபந்து டீமில் இருக்கிற பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் ஆட, மற்றவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பார்ப்பது பல பள்ளிகளில் காணும் காட்சி. பிறகு வரும் 40.4 சதவீதத்தின் ஒரு வேராவது இந்த மரத்தடியில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்த மாவட்டத்துக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1991இல் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக ஷீலா ராணி சுங்கத் இருந்த காலத்தில், லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியது புதுக்கோட்டையில்தான். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதி உலகமே படித்தது. அவர்களின் பேத்திகள் இன்று வேனில் போகிறார்கள். அரசு தரும் விலையில்லாச் சைக்கிள் வருவது பதினொன்றாம் வகுப்பில், அதற்குள் உடம்பும் பழக்கமும் இறுகிவிடுகின்றன. அதை ஆறாம் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் கட்சி. பதினோரு வயதுப் பிள்ளை லாரி ஓடும் சாலையில் எப்படிப் போவாள் என்று கேட்கும் தாய்க்கு நேர்மையான பதில், சாலையோரம் மண் பாதையாவது தனியாக விடுங்கள் என்று நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்பதுதான். அந்தப் பயத்தை அவள் கற்பனையாகச் சொல்லவில்லை.

ஜல்லிக்கட்டு அதிகம் நடக்கும் மாவட்டம் இது. தச்சங்குறிச்சி, விராலிமலை பக்கம் காளை வளர்க்கிறவர்களைப் பாருங்கள். பருத்திக்கொட்டை எவ்வளவு, புண்ணாக்கு எவ்வளவு என்று அளந்து வைப்பார்கள். தினம் நடை, கண்மாயில் நீச்சல், மண் குத்தும் பயிற்சி, எதுவும் ஒரு நாள் தவறாது. அந்தக் காளைக்குக் கிடைக்கிற ஒழுங்கில் பாதி கிடைத்தாலே அந்த வீட்டுப் பையனுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

ஒழுங்கு என்றதும் குண்டுப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்து ஓடவிடலாமே என்று ஒரு யோசனை எழும். சிங்கப்பூர் அதைச் செய்தது. 1992இல் தொடங்கிய 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டத்தில் எடை மிஞ்சிய மாணவர்களைத் தனிக் குழுவாக்கி, இடைவேளையிலும் பள்ளி முடிந்தும் உடற்பயிற்சி கொடுத்தார்கள். 14% இருந்த எண்ணிக்கை பத்துக்கும் கீழே வந்தது. கணக்கில் வெற்றிதான். ஆனால் அந்த வரிசையில் நின்ற பிள்ளைகள் பட்ட கேலியும் அவமானமும் சேர்ந்துகொண்டே போக, 2007இல் திட்டத்தையே கைவிட்டு எல்லாப் பிள்ளைக்குமான பொதுத் திட்டத்துக்கு மாறினார்கள். நம் ஊரில் குண்டுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்க வாத்தியாரே முதலில் நிற்பார். இங்கே அந்த வழி வேண்டவே வேண்டாம். எடை பார்க்கட்டும், உயரம் பார்க்கட்டும், ஆனால் அந்த எண் பெற்றோர் கையில் மட்டும் போகட்டும்.

இத்தனையையும் தராசில் வைத்தபின் என் தீர்ப்பு இது. உணவு பற்றிய அறிவுரை தனியாக நின்றால் தோல்வி. அதற்காக அச்சடிக்கும் காகிதம் வீண். பள்ளித் தட்டில் வரும் உணவு வெற்றி. தானியத்தைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்ட வேண்டும். ஐம்பது மீட்டர் விதி, வரியும் முத்திரையும் துணைக்கு வராதவரை, பெட்டிக்கடைக்காரரைத் தொந்தரவு செய்வதோடு முடியும். விளையாட்டு நேரம் இவை எல்லாவற்றையும்விடச் செலவு குறைந்தது, நிரூபணம் கூடியது, எடை இறங்காவிட்டாலும் பிள்ளைக்கு நஷ்டமில்லாதது.

இதை எங்கே தொடங்குவது என்பதில்தான் நான் பொதுக்கருத்தோடு முரண்படுகிறேன். நல்வாழ்வு, விழிப்புணர்வு என்று எது வந்தாலும் கேட்க ஆளிருக்கிற இடம் என்பதால் அரசுப் பள்ளியில்தான் போய்க் கொட்டுகிறோம். மிகை எடை குவிந்திருப்பதோ தனியார் பள்ளியில். அரசுப் பள்ளியின் 3.6 அப்படியே நிற்காது, காசு புழங்கப் புழங்கப் பருமன் ஏழை வீட்டுக்கும் இறங்கிவரும் என்பதை மெக்சிகோவும் சிலியும் காட்டிவிட்டன. ஆனால் இன்றைக்கு நெருப்பு எரிவது எங்கேயோ அங்கேதான் முதல் குடம் தண்ணீர். அங்கே மைதானத்துக்கு விதி இல்லாமலில்லை. 2004 கும்பகோணம் தீ விபத்துக்குப் பிறகு பள்ளிகளுக்கு நில அளவு வகுத்தார்கள்: கிராமத்தில் 3 ஏக்கர், பேரூராட்சியில் ஓர் ஏக்கர், மாநகராட்சியில் 6 கிரவுண்ட். 6 கிரவுண்ட் என்றால் 14,400 சதுர அடி. அதில் கட்டடமும் வேன் நிறுத்துமிடமும் போக மிஞ்சுவது அசெம்பிளிக்கு நிற்க இடம். புதுக்கோட்டை 2024இல் மாநகராட்சியாகிவிட்டதால் இனி இங்கே தொடங்கும் பள்ளிக்கு இந்தக் குறைந்த அளவே போதும் என்பது ஒரு கெட்ட தற்செயல். நிலத்தை இனி நீட்ட முடியாது, நேரத்தை நீட்டலாம். பக்கத்து அரசு மைதானத்தைச் சாயங்காலம் வாடகைக்கு எடுக்கலாம்.

2022 முதல் ஒவ்வொரு மாவட்டத்திலும் தனியார் பள்ளிகளுக்கென்றே ஒரு மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார். அங்கீகாரம் புதுப்பிக்கப் போகிற பள்ளியிடம் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று எல்லாம் கேட்கிறார்கள். அதே கோப்பில் இன்னும் மூன்று வரி கேட்கட்டும்: உடற்கல்வி ஆசிரியர் எத்தனை பேர், வகுப்புவாரியாக வாரத்துக்கு எத்தனை பீரியட் மைதானத்தில், பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆடுகிறார்கள். பிறகு ஏதாவது ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு, முன்கூட்டிச் சொல்லாமல் போய், அட்டவணையில் பி.டி. என்று போட்டிருக்கும் வகுப்பின் கரும்பலகையில் அல்ஜீப்ரா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரட்டும். புதுச் சட்டமோ புது நிதியோ இதற்கு வேண்டியதில்லை.